தாமிரபரணியில் தாமிரம் இருக்கிறதா?

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. மார்க்கெல்லாம் கிடையாது, பயப்படாதீர்கள்.

ப்ளஸ் டூவில் சயின்ஸ் குரூப் படித்தவரா நீங்கள்? அப்படியானால் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சையில் உங்களுக்கு வந்த உப்பு எது என்று நினைவிருக்கிறதா? இருக்கும். கல்யாண நாளை மறந்தவர்கள்கூட அதை மறப்பதில்லை. சரி, அது இன்ன உப்புதான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இப்போது கொஞ்சம் நெளிகிறீர்கள், பார்த்தீர்களா?

எனக்கு வந்தது அலுமினியம் நைட்ரேட். கண்டுபிடித்தது நான் இல்லை, லேப் அட்டெண்டர். தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற சாக்கில் என் முதுகுக்குப் பின்னால் நின்று, ''ஏல, அலுமினியம்லா இது. நைட்ரேட்டு. மடமடன்னு எழுதிட்டு எந்திரி'' என்று காதில் ஓதிவிட்டுப் போனார். எழுதினேன். கோபால்ட் நைட்ரேட்டில் நனைத்த ஃபில்டர் பேப்பரை எரித்தால் அலுமினியத்துக்கு நீலச் சாம்பல் வர வேண்டும். எனக்கு வந்தது எங்கள் வீட்டு அடுப்பில் வருகிற அதே சாம்பல்தான். 'நீல நிறச் சாம்பல் கிடைத்தது' என்று எழுதினேன்.

அடுத்தது நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனை. உப்புக் கரைசலில் ஃபெரஸ் சல்ஃபேட்டைச் சேர்த்துவிட்டு, அடர் கந்தக அமிலத்தை டெஸ்ட் டியூபின் உள்சுவர் வழியாகச் சொட்டுச் சொட்டாக வழியவிட வேண்டும். அமிலம் கனமானது, அடியில் போய் உட்காரும். மேலே கரைசல், கீழே அமிலம், இரண்டும் சந்திக்கிற இடத்தில் வளையம். நான் அவசரத்தில் மொத்தமாகச் சரித்து, போதாததற்குக் குலுக்கியும் விட்டேன். வளையமாவது, வளையலாவது! டியூப் சுட்டு, கையை உதறி, பக்கத்திலிருந்தவன் 'எம்மா' என்று துள்ளினான். 'பழுப்பு வளையம் தோன்றியது' என்று எழுதினேன். முழு மார்க்.

அரசாங்கத்தையே சாட்சியாக உட்கார வைத்துக்கொண்டு நான் எழுதிக் கொடுத்த முதல் பொய் அது. இரண்டு நாள் கழித்து அம்மா சட்டையைத் துவைத்தபோது முன்பக்கம் அரிசி அரிசியாக எட்டு ஓட்டை. ''பூச்சி அரிச்சிருக்கு'' என்றாள். ஆமாம் என்றேன். (அது இரண்டாவது பொய்.)

ஓட்டை சட்டையில் விழுந்தது. ஒரு ஜாண் மேலே தெறித்திருந்தால் இந்தப் பக்கத்தை இன்றைக்கு யாராவது எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த லேபில் அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தது பவர் உள்ளவர்கள் மட்டும்தான்.

'அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப எல்லாம் மாறிடுச்சு' என்பீர்கள். மாறியது உண்மைதான். அப்போது எழுத்துக்கு 150, பிராக்டிகலுக்கு 50 என்று மொத்தம் 200 மார்க். 2018-19-லிருந்து ப்ளஸ் டூவுக்கு எழுத்துக்கு 70, பிராக்டிகலுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று 100 ஆகிவிட்டது. மார்க் மாறியது. காதில் ஓதுவது மாறியதா? உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாத்தியாரிடம் கேட்காதீர்கள். பாவம், அவரும் ஒருநாள் பரீட்சை எழுதி வந்தவர்தான்.

நான் சண்டைக்கு வந்திருப்பது இந்தப் பரீட்சையோடு அல்ல. சொல்லப்போனால் பள்ளிக்கூடப் பாடத்திலேயே ஆகச் சிறந்த விளையாட்டு இதுதான். ஒரு வெள்ளைப் பொடியைக் கையில் கொடுத்து, 'இதுக்குள்ள யார் இருக்கா, கண்டுபிடி' என்கிறார்கள். பெரும்பாலான உப்புகள் தண்ணீரிலோ அமிலத்திலோ கரைந்ததும் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் நேர்மின்சுமை உள்ள அயனி: செம்பு, ஈயம், இரும்பு, கால்சியம் இப்படி. இன்னொரு பக்கம் எதிர்மின்சுமை உள்ள அயனி: குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், கார்பனேட் இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். குளோரைடு இருந்தால் சில்வர் நைட்ரேட்டை விட்டதும் தயிர் மாதிரித் திரியும். சல்ஃபேட் என்றால் பேரியம் குளோரைடுக்குச் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். செம்புக் கரைசலில் அம்மோனியாவை விட்டுக்கொண்டே போனால், முதலில் கலங்கி, பிறகு மயில் கழுத்து நீலம் ஒன்று எழும்பி வரும். சினிமாவில் எந்த கிராஃபிக்ஸும் அந்த நீலத்தைக் கொண்டுவந்ததில்லை.

துப்பறியும் கதைக்குச் சமமான இந்த விளையாட்டில் நாம் என்ன செய்தோம்? கொலைகாரன் யார் என்பதை முதல் பக்கத்திலேயே காதில் சொல்லிவிட்டு, மீதி முந்நூறு பக்கத்தை மனப்பாடமாக எழுதச் சொன்னோம். ரெக்கார்ட் நோட்டில் மூன்று கட்டம் இருக்கும்: சோதனை, காண்பன, அறிவன. அதாவது செய்தேன், பார்த்தேன், புரிந்துகொண்டேன். நம் பிள்ளைகள் மூன்றாவது கட்டத்திலிருந்து பின்னாடியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். தாலி கட்டின பிறகு பெண் பார்க்கப் போகிற மாதிரி.

இந்த ஆய்வு முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வெட்கம் இன்னும் கூடும். ஜெர்மனியில் ஃப்ரெசீனியஸ் என்கிற இருபத்திரண்டு வயதுப் பையன் 1841-ல் எழுதி வெளியிட்ட புத்தகம்தான் உலகம் முழுக்க உப்பு ஆய்வைப் பாடமாக்கியது. இன்றைக்கு நம் பிள்ளைகள் உருப்போடுகிற 'முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி' வரிசையெல்லாம் அந்த மரபில் வந்ததுதான். அந்த ஃப்ரெசீனியஸ் பிற்பாடு பேர் வாங்கியது எதற்கு? ஊற்று நீரை ஆராய்ந்து அதில் என்ன கரைந்திருக்கிறது என்று சொல்வதற்கு. லேபில் பர்னர் பற்ற வைக்கிறோமே, அந்த புன்சன், 1860-ல் கிர்க்காஃபோடு சேர்ந்து ஏறத்தாழ 40 டன் ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைத்து சீசியம் என்கிற புதுத் தனிமத்தையே கண்டுபிடித்தார். அதே புன்சன் 1840-களில் ஆய்வகத்தில் நடந்த வெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். நம் பாடப் புத்தகத்தில் பர்னர் இருக்கிறது. அந்தக் கண் இல்லை.

அவர்கள் ஊர்த் தண்ணீரை எடுத்து அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நாம்? திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு, கால் நனைகிற தூரத்தில் தாமிரபரணி ஓட, டப்பாவில் வந்த பொடியை வைத்துக்கொண்டு, அதுவும் பெயர் தெரிந்த பொடியை வைத்துக்கொண்டு, நாடகம் போடுகிறோம்.

நெல்லையில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ''நம்ம ஆத்துத் தண்ணியில தாமிரச் சத்து இருக்குய்யா, அதான் பேரே தாமிரபரணி. அல்வா ருசிக்கே அதான் காரணம்'' என்று மார்தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பட்டம். கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையிலேயே 1987-லிருந்து மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. இத்தனை இருந்தும், 'தாமிரபரணியில் தாமிரம் இருக்கா, இல்லையா, சோதிச்சுப் பார்' என்று பிராக்டிகல் பரீட்சையில் ஒரு கேள்வி வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஆற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆசிட்.

நம் லேபில் ஆசிட்டைப் பற்றி இரண்டே இரண்டு வகைப் பிள்ளைகள்தான் உண்டு. பாட்டிலைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பவர்கள் ஒன்று. கூல் டிரிங்க் மாதிரி தூக்கி ஊற்றுகிறவர்கள் இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: யாரும் ஏன் என்று சொல்லித் தரவில்லை. 'ஆசிட்டைத் தண்ணீரில் விடு, தண்ணீரை ஆசிட்டில் விடாதே' என்று சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள். 'முன்னால் செல்லும் வண்டியை இடிக்காதே' மாதிரி. ஏன்? அடர் கந்தக அமிலம் தண்ணீரைப்போல ஏறத்தாழ 1.8 மடங்கு கனம். தண்ணீரோடு சேர்ந்தால் பயங்கரமாகச் சூடாகும். தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் தண்ணீர் மேலேயே மிதந்து, அங்கேயே கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். அமிலத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அது அடியில் இறங்கிக் கலந்து, சூட்டை மொத்தத் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்ளும். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த எந்த அம்மாவுக்கும் இது அரை நிமிஷத்தில் புரியும். பிள்ளைக்கு ஏன் புரியவைக்கவில்லை? பரீட்சையில் கேட்க மாட்டார்கள், அதனால்தான்.

இன்னொரு கொடுமை, வாயால் பிப்பெட் உறிஞ்சுவது. கண்ணாடிக் குழாயின் ஒரு முனை கரைசலில், மறு முனை பிள்ளையின் வாயில். இளநீர் குடிக்கிற மாதிரி உறிஞ்சி, கோடு வரைக்கும் வந்ததும் விரலால் மூட வேண்டும். கோட்டைப் பார்க்கத் தவறினால் வாய்க்குள். இதற்கென்றே ரப்பர் பல்பு இருக்கிறது. உலகம் முழுக்க லேபில் வாய் வைப்பது தடை. ஒரு பல்பு, ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, இரண்டுமாகச் சேர்த்து ஒரு குடும்ப பிரியாணி விலை வருமா? ஆண்டு விழாவுக்கு சீரியல் லைட் போடுகிற பள்ளிக்கூடத்தில் இதற்குக் காசு இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

ஆசிட் பட்டால் என்ன செய்வது? உங்களுக்குத் தெரியுமா? நான் நாலு பேரிடம் கேட்டேன். ஒருவர் மஞ்சள் என்றார். ஒருவர் டூத் பேஸ்ட். ஒருவர் 'சோடா உப்பைப் போட்டா நியூட்ரலைஸ் ஆயிடும்' என்று கெமிஸ்ட்ரி பேசினார். நாலாமவர் இங்க் என்றார் (எந்தக் காலத்து மனுஷரோ). சரியான விடை தண்ணீர். ஓடுகிற தண்ணீர், நிறைய, குறைந்தது இருபது நிமிஷம். நனைந்த துணியைக் கழற்றிப்போட்டுவிட்டு. கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கழுவியபடியே ஆஸ்பத்திரிக்கு. கண்ணிலோ தோலிலோ சோடா உப்பைக் கொட்டி அங்கே ஒரு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் நடத்தக் கூடாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது ஒரு தரம் வெந்தது, திரும்பி வரும்போது இன்னொரு தரம் வேகும்.

இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீர் என்றேனே, அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது லேபுக்குள் எட்டிப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். வற்றாத நதி ஓடுகிற ஊர்தானே இது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பெண்கள்மேல் ஆசிட் வீச்சு நாடெங்கும் நடந்து, 2013 ஜூலை 18-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. கடையில் ஆசிட் வாங்க அடையாள அட்டை வேண்டும், வாங்குகிறவர் பெயரும் முகவரியும் எதற்கு என்கிற காரணமும் பதிவேட்டில் ஏற வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். கல்வி நிறுவனங்களுக்கும் அதில் தனியாகவே சொல்லியிருக்கிறது: ஆசிட் உபயோகத்துக்குப் பதிவேடு, பொறுப்புக்கு ஒரு ஆள், லேபை விட்டு வெளியே போகிற மாணவரைக் கட்டாயமாகச் சோதிப்பது.

நல்ல உத்தரவு. வெளியே என்ன போகிறது என்று பார்க்கச் சொல்கிறது. உள்ளே பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பது யார் வேலை? 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைத் தட்டிப் பார்க்க உத்தரவு பறந்தது. லேப் அலமாரியைத் திறந்து, லேபிள் உரிந்த பாட்டில்களையும் துருப்பிடித்த ஸ்டாண்டுகளையும் பார்க்க என்ன நடக்க வேண்டும் என்று காத்திருக்கிறோம்?

வீட்டுக்கு வருவோம். 'எம் பிள்ளை காமர்ஸ் குரூப், எனக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டப் போனவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பாத்ரூம் மூலையில் ஒரு பாட்டில் இருக்கிறதே, மஞ்சளாக, பழைய தண்ணீர் பாட்டிலில்? தெருவில் 'ஆசிட், பினாயில்' என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் வாங்கினது. அடையாள அட்டை காட்டினீர்களா? சரி விடுங்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுத்தமான அமிலத்துக்கு நிறமே கிடையாது. இந்த மஞ்சள், பெரும்பாலும் அதில் கலந்திருக்கிற இரும்பு அயனியால் வருவது. ப்ளஸ் டூ லேபில் இருக்கிற பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடை ஒரு சொட்டு விட்டால் அடர்நீலமாகிக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த அமிலத்தை ஊற்றிய இடத்தில், இன்னும் வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறவர்கள் உண்டு. அப்போது கிளம்புகிற வாயு குளோரின். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மன் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டது இதைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிற நாலுக்கு நாலு பாத்ரூமில் நம் வீட்டுப் பெண்கள் அதே வாயுவைச் சுவாசித்துவிட்டு, 'நெடி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு' என்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் கெமிஸ்ட்ரியில் சென்டம்?

நம் ஊரில் அமிலத்துக்கு உரிய மரியாதை கிடைக்கிற ஒரே இடம் நகைப் பட்டறை. அங்கே அதற்குப் பெயர் ஆசிட் அல்ல, திராவகம். பழைய நகையோடு போய் நில்லுங்கள். ஆசாரி உரைகல்லில் ஒரு இழை இழைப்பார். கண்ணாடிக் குச்சியால் நைட்ரிக் அமிலம் ஒரு துளி. பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். தங்கம் மசியாது, கலந்திருக்கிற செம்பு கரைந்து பச்சையாகக் காட்டும். துளிக்கு மேல் விட மாட்டார், மூடியைத் திறந்து வைக்க மாட்டார், முகத்தை மேலே கொண்டுபோக மாட்டார். செய்தேன், பார்த்தேன், புரிந்துகொண்டேன் என்கிற மூன்று கட்டமும் அந்த வரிசையிலேயே நடக்கிறது. அவர் காதில் யாரும் '22 காரட்லா, எழுதிக்கோ' என்று ஓதினால் நடக்குமா? பணம் போகுமே! அவருக்குப் பார்த்ததைச் சொன்னால்தான் பிழைப்பு. நம் பிள்ளைக்குப் பார்க்காததைச் சொன்னால்தான் மார்க்.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன்.

தாமிரபரணி 128 கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. அதன் கரையில் ஆதிச்சநல்லூர். நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்களுக்கு முன்னால் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோதே அங்கே வெண்கலச் சாமான்கள் கிடைத்தன. வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும். எவ்வளவு செம்பு, எவ்வளவு ஈயம் என்று தெரியாமல் வார்த்திருக்க முடியாது. அதே ஆற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கே, தூத்துக்குடியில், நம் காலத்தில் ஒரு தாமிர ஆலை. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் உருக்குகிற திறன். தாமிரத் தாதுவில் கந்தகம் உண்டு; உருக்கினால் கந்தக டை ஆக்சைடு வரும்; அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்ற வேண்டும். பழுப்பு வளையத்துக்கு ஊற்றுகிறோமே, அதே அமிலம்தான், லட்சக்கணக்கான டன்னில். 2018 மே மாதம் அந்த ஆலையை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். ஆலை மூடப்பட்டது. திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நீங்கள் ஆலையின் பக்கமோ, ஊரின் பக்கமோ, அது உங்கள் விருப்பம். (நான் ஊரின் பக்கம்.) ஆனால் அத்தனை வருஷச் சண்டையின் நடுவில் நின்ற கேள்விகளில் ஒன்று என்ன? காற்றிலும் நிலத்தடி நீரிலும் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு? சுத்தமான உப்பு ஆய்வுக் கேள்வி! ஆலை ஒரு ரிப்போர்ட் காட்டியது, அரசு ஒன்று காட்டியது, எதிர்ப்பாளர்கள் ஒன்று காட்டினார்கள். கிணறு வைத்திருக்கிற ஜனங்கள், வீட்டுக்கு வீடு ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி படித்த பிள்ளை இருக்கிற ஜனங்கள், எந்தக் காகிதத்தை நம்புவது என்று தெரியாமல் நின்றார்கள். இருபது வருஷமாகப் பிள்ளைகள் 'சோதனைக் குழாயில் வெண்ணிற வீழ்படிவு தோன்றியது' என்று எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றும்படி நாம் சொல்லித் தரவில்லை.

ஆலைக்குக்கூட ஒரு போராட்டம் நடந்தது. சாக்கடைக்கு? நெல்லை நகரத்தின் கழிவு ஆற்றில் கலக்கிறது என்ற வழக்கில் 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாக்கடை கலந்தால் தண்ணீரில் என்ன கூடும்? அம்மோனியம், குளோரைடு, நைட்ரேட், பாஸ்ஃபேட். உப்பு ஆய்வுப் பட்டியலில் இருக்கிற அதே பெயர்கள். சிலபஸ் ஆற்றிலேயே மிதந்து போகிறது ஐயா!

அந்தப் பட்டியலில் சல்ஃபைடும் உண்டு. அமிலம் விட்டால் அழுகின முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும் என்று படித்திருப்பீர்கள். படிக்காத பாதி இது: அளவு கூடினால் அந்த வாயு மூக்கையே மரக்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றுகிற நேரம்தான் உயிர் போகிற நேரம். கழிவுநீர்த் தொட்டியில் மனிதர்களை இறக்கிச் சாகடிப்பதில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. 'அழுகிய முட்டை நாற்றம், ஆகவே சல்ஃபைடு' என்று எழுதி மார்க் வாங்கிய என்ஜினீயர்களும் அதிகாரிகளும்தான் 'வாடை இல்ல, எறங்கு' என்கிறார்கள்.

வாத்தியார்கள் என்மேல் கோபப்படுவார்கள். 'அறுபது பிள்ளை, ஒரு லேப், ரெண்டு பீரியட், அட்டெண்டர் போஸ்ட் காலி. நீங்க வந்து நடத்திப் பாருங்க' என்பார்கள். நியாயம். அந்தக் கோபத்தை வகுப்பறைக்கு வெளியே, அதிகாரிகளிடம் காட்டியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம். அறுபது பிள்ளைக்கு அறுபது டெஸ்ட் டியூப் ஆசிட் எதற்கு? குழிகள் உள்ள ஒரு பீங்கான் தட்டில் ஒரு சொட்டு உப்புக் கரைசல், ஒரு சொட்டு சோதனைக் கரைசல் போதும். ஃபைகல் என்று வியன்னாவில் ஒரு வேதியியலாளர். ஹிட்லருக்குத் தப்பி பிரேசில் போய்ச் சேர்ந்தவர். வாழ்நாள் முழுக்க ஒற்றைச் சொட்டில் கண்டுபிடிப்பது எப்படி என்றே ஆராய்ந்து புத்தகம் புத்தகமாக எழுதி வைத்துவிட்டுப் போனார். சொட்டுக் கணக்கில் செய்தால் செலவு குறையும், புகை குறையும், சட்டையில் ஓட்டை விழாது. பெரிய பட்ஜெட் வேண்டாம்.

வேண்டியது வேறு. தப்பாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கும் மார்க் கொடுக்கிற தைரியம். 'வளையம் வரவில்லை' என்று எழுதினவனுக்கு, அவன் டியூபில் நிஜமாகவே வரவில்லை என்றால், மார்க் போட வேண்டும். அலுமினியத்தை ஜிங்க் என்று சொன்னாலும், பார்த்ததை வைத்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் பாதி மார்க்காவது போட வேண்டும். கல்வித் துறை இந்த ஒரு வரியைச் சுற்றறிக்கையில் சேர்த்தால் காதில் ஓதுகிறவர்களுக்கு மறுநாளே வேலை போய்விடும்.

கோச்சிங் சென்டர் அப்பாக்களுக்கும் ஒரு செய்தி: 2024-லிருந்து நீட் பாடத்திட்டத்தில் செய்முறை வேதியியலுக்கென்றே ஒரு அலகு சேர்த்திருக்கிறார்கள். எந்த அயனிக்கு என்ன நிறம் என்பதெல்லாம் அதில் உண்டு. சந்தோஷப்படாதீர்கள். அதுவும் நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்குவதுதான். வளையத்தைப் பார்க்காமலே டாக்டர் ஆகலாம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர் இருக்கிறார். போன மாசம் பக்கத்து வீட்டுப் பெண் ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தபோது அவரிடம் போய், ''சார்வாள், தாமிரபரணியில தாமிரம் இருக்கா?'' என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை. ''குறுக்குத்துறையில ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வா. உங்க வீட்டு போர் தண்ணியும் ஒரு பாட்டில். வரும்போது கண்ணாடி மாட்டிக்கிட்டு வா'' என்றாராம். மொட்டை மாடியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். நீர்த்த நைட்ரிக் அமிலம் ரெண்டு சொட்டு, சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு. ஆற்றுத் தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி ஆனது. போர் தண்ணீர் தயிராகவே திரிந்துவிட்டது. ''ஐயே, இதையா நாம குடிக்கோம்?'' என்றாள். அடுத்தது அம்மோனியா. ஆற்றுத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருந்தாள். நீலம் வரவில்லை. 'தாமிரம் இல்லை' என்று எழுதப் போனவளின் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

''இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?''

''நீலம் வரல்லையே சார்.''

''அப்ப அதை எழுது.''

குடிநீரில் தாமிரம் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவு செம்பை அம்மோனியா காட்டிக்கொடுக்காது. அதற்கு வேறு கருவி வேண்டும். இல்லாமல் இருப்பதும் தெரியாமல் இருப்பதும் வேறு வேறு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவள் நோட்டில் 'நீலம் தோன்றவில்லை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். விரல் நுனியெல்லாம் சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்திருந்தது.

கீழேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. ''ஏட்டி, அங்க என்ன பண்ணுத? இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?''